நடுக்கோடு

ஜனவரி 6

இன்றைய கூட்டத்திலும் ஜிபின் என்னைச் சேட்டா என்றுதான் அழைத்தான். மற்றவர்களெல்லாம் சார். எனக்கு மட்டும் இந்த அண்ணன் பாசம். எனக்கு வந்திருக்க வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அன்பாக இருப்பது சுலபம்.

நாங்கள் செய்வது பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்காக ஒரு திரை. படத்தைத் தொட்டால் அவர்களுக்காக அது பேசும். புத்தகம்போல மடித்துவைக்கலாம். மேலே இருக்கும் மெல்லிய திரை ஜிபினுடையது. அடியில் இருக்கும் எஃகுப் பின்தகடு என்னுடையது. தகடு மடிய வேண்டுமென்றால் நடுக்கோட்டில் நுண்ணிய பிளவுகள் வெட்ட வேண்டும். பிளவுகள் அகலப் பரவினால் நன்றாக வளையும். ஆனால் விரல் பட்டால் நடுவில் குழியும். நெருக்கி வெட்டினால் குழியாது, மடிப்புதான் இறுகும். அவன் அகலக் கேட்கிறான். மூன்று வருடமாக மறுக்கிறேன். விரலைத் தாங்காத திரை எதற்கு?

குளிரில் சோதிக்க வேண்டும் என்று மறுபடியும் சொன்னேன். அடுக்குகளை ஒட்டும் பசை அவன் தேர்ந்தெடுத்தது. பாலக்காட்டுச் சூட்டில் அது இளகி நிற்கிறது. அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவி இடம் கொடுக்கின்றன. குளிரில் இறுகிவிட்டால் எல்லாம் சேர்ந்து ஒரே பலகை. ஒரு கட்டுத் தாளை வளைக்கலாம். தாள்களை ஒட்டிவிட்டு வளைத்தால் வெளித்தாள் கிழியும். இது கூடவா தெரியாது?

"இவிடெ எவிடெ சேட்டா தணுப்பு?" என்றான். இங்கே குளிர் எங்கேயாம். எல்லோரும் சிரித்தார்கள். இயந்திரம் இரண்டு லட்சம் முறை மடித்துப் பார்த்துவிட்டதாம். ஏசி கெட்டுப்போன அறையில்.

முதல் வீட்டுச் சோதனை ஆனைக்கரையில். ஏலக்காய் ஊர், ஜனவரி மாதம். ஊரைத் தேர்ந்தெடுத்தது அவன். போவது நான்.

நல்லது.

ஜனவரி 7

ஆனந்தி சொன்னாள்: "ஏனுங்க, அந்த ஜிபினு பேர இந்த ஊட்ல ஒரு நாளைக்கு எத்தன வாட்டி சொல்றீங்கன்னு தெரியுங்களா? கல்யாணமாயி இத்தன வருசத்துல எம்பேர அத்தன வாட்டி சொன்னதில்லீங்க."

நான் ஸ்வெட்டரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 9

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி, தேனி, கம்பம், அப்புறம் மலை. கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக ஒரு பகல் முழுக்கத் தமிழ்நாடு.

மதலேனம்மாள். ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர். வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை. மகள் பிலோமி பார்த்துக்கொள்கிறாள். திரையில் ஒலிப்பது அவள் குரல்தான்: தண்ணீர், பசி, வலி, மருந்து, கக்கூஸ், வேண்டும், வேண்டாம். அம்மாள் இடக்கையால் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். "வேண்டாம்" மட்டும் நாலைந்து தடவை.

"இத்தன மாசமா சொல்ல முடியாம இருந்துச்சுல்ல சார்" என்றாள் பிலோமி.

விடுதியில் மாற்றுத் திரை ஒன்று பெட்டியில் இருக்கிறது. முதல் திரை உடைந்தால் கொடுக்க. உடையும்.

ஜனவரி 10

காலையில் போய்ப் பார்த்தேன். மடிப்பில் விரிசல் இல்லை.

ஜனவரி 12

இன்றும் இல்லை. பல் தந்தியடிக்கும் குளிர்.

ஜனவரி 13

ஜிபின் போனில் பேசினான். ஒரு விரிசல் வந்தாலும் கொடுத்த திரையைத் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். வேறு பசை வெளிநாட்டிலிருந்து வர ஒரு வருடம் ஆகும்.

"ஒண்ணும் ஆயில்லல்லோ சேட்டா?"

இல்லை என்றேன். உண்மைதானே. அந்த உண்மையைச் சொல்ல வாய் கசந்தது.

ஜனவரி 15

வழக்கத்தைவிட முன்னால் போனேன். அம்மாள் அப்போதுதான் கண்விழித்திருந்தார். பிலோமி போர்வையை விலக்கி, அவர் மார்பிலிருந்து மடித்த திரையை எடுத்தாள்.

"மேசையில வச்சிட்டுப் படும்மான்னா கேட்டாத்தான சார். வந்த அன்னிக்கு ராத்திரி நான் அசந்துட்டேன், தண்ணிக்குத் தவிச்சுக் கெடந்திருக்கு. அதுலருந்து நெஞ்சோட சேத்துத்தான் தூக்கம்."

கையில் வாங்கினேன். வெதுவெதுப்பாக இருந்தது.

இதுதான் காரணம். பசைக்குக் குளிரே தெரியவில்லை.

இரவில் இதை வெளியே வைக்க வேண்டும், அதுதான் சோதனையின் விதி என்றேன். அம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டே "வேண்டாம்" தொட்டார். மறுபடி தொட்டார். நான் நிறுத்தும்வரை பிலோமியின் குரல் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு "மருந்து" தொட்டு, விரலை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

பிலோமிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஒங்களுக்கு மருந்து வேணுமான்னு கேக்குது சார். வந்த நாள்லருந்து மூஞ்சி அப்பிடித்தான இருக்கு, அதுக்கு."



ஜனவரி 16

மாற்றுத் திரையை நேற்றிரவு விடுதி ஜன்னலுக்கு வெளியே வைத்தேன். காலையில் எடுத்து ஒரே ஒரு முறை மடித்தேன். மெல்லிய சத்தம். நடுவில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடு.

நான் சொன்னது சரி. எத்தனை மாதமாகக் காத்திருந்தேன் இந்தக் கோட்டுக்கு. படம் எடுத்தேன். ஜிபினுக்கும் முதலாளிக்கும் சேர்த்து அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. சந்தோஷம் வருமென்று உட்கார்ந்திருந்தேன். டீ ஆறி ஆடை கட்டியதுதான் மிச்சம்.

அனுப்பவில்லை. ஏன்? தெரியவில்லை.

ஜனவரி 17

இன்று அந்த வீட்டில் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். திரை அம்மாளின் தொடைமேல். இடக்கை, இடப்பக்கப் படங்கள். வலப்பக்கப் படம் வேண்டுமென்றால் திரையையே இழுத்து நகர்த்துகிறார். நடுவில் விரல் படவே இல்லை. காலையிலிருந்து மதியம்வரை ஒரு தடவைகூட இல்லை.

மூன்று வருடம் அந்த நடுக்கோட்டுக்காகச் சண்டை போட்டேன். அது குழியாமல் இருக்க வேண்டும் என்று. படங்களை இரண்டு பக்கமும் தள்ளிவிட்டால் நடுவை யார் தொடப்போகிறார்கள்? பிளவுகளை அகலமாக வெட்டலாம். மடிப்பு பென்சில் அளவு இல்லாமல் கட்டைவிரல் அளவுக்கு உருளும். பசை இறுகினாலும் வெளியடுக்கு அவ்வளவு இழுபடாது. மூன்று வாரம் போதும். ஒரு வருடம் தேவையில்லை.

ஆனால் மாறுவது என் தகடு. எல்லோரும் என்ன நினைப்பார்கள்? தப்பு தகட்டில்தான் என்று. அவன் பசை தப்பித்துவிடும். அவன் கேட்ட அகலத்தையும் நானே வெட்டிக் கொடுக்க வேண்டும்.

கொடுக்கணுமா? எனக்கென்ன தலையெழுத்து? நான் சொன்னப்ப சிரிச்சானுங்கதானே. ஒரு வருஷம் பெட்டியில கிடக்கட்டும் அவன் திரை—

அவன் திரை இல்லை. அந்த அம்மாளின் நெஞ்சில் இருப்பது.

ஜனவரி 18

ஜிபினிடம் பேசினேன். மாற்றுத் திரை குளிரில் உடைந்தது என்றேன்.

"தெய்வமே. எந்தா காரணம்?"

பசை என்ற சொல் வாய்வரை வந்தது. "மடிப்பு இறுக்கம். பிளவுகளை அகலப்படுத்தித் தருகிறேன். கொடுத்ததைத் திரும்ப வாங்க வேண்டாம், இந்த வீட்டில் சூடாக வைத்துக்கொள்கிறார்கள், தாங்கும்."



"அப்ப பின்தகடுதான், அல்லே சேட்டா?"

"ஆமாம்."

கடைசியில் சம்மதித்தீர்களே என்றான். கேலியாகக்கூடச் சொல்லவில்லை. அதைத்தான் இன்னும் தாங்க முடியவில்லை.

பிப்ரவரி 7

புதிய தகட்டோடு திரை தயார். கூட்டக் குறிப்பில் "பின்தகட்டு வடிவமைப்புக் குறை, சரிசெய்யப்பட்டது" என்று எழுதி என் பெயரையும் போட்டிருக்கிறார்கள். கையெழுத்திட்டேன்.

அலுவலகத்தில் இன்னும் குளிர்ப்பெட்டி வாங்கவில்லை. வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன்.

"ஏனுங்க, தக்காளிக்குப் பக்கத்துல என்னத்தக் கொண்டாந்து வெச்சிருக்கீங்க?"

"என் தகடு, ஆனந்தி. குளிர் தாங்குமான்னு பார்க்கணும்."

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். தக்காளியை எடுத்து வேறு தட்டில் வைத்தாள்.

பிப்ரவரி 8

மடித்தேன். கோடு இல்லை. மறுபடி உள்ளே வைத்து எடுத்து மடித்தேன். இல்லை.

பிப்ரவரி 14

ஆனைக்கரை. பழைய திரையை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுக்க வந்தேன். அம்மாள் பழையதை விடவில்லை. பிலோமி ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள்.

"இனி குளுருல வச்சாலும் ஒண்ணும் ஆவாதுல்ல சார்?"

"ஆகாது. மேசையிலேயே வைக்கலாம்."

"எங்க வைக்கப்போவுது" என்று சிரித்தாள்.

புதியதைத் தொடைமேல் வைத்தேன். அம்மாள் படங்களைத் தேடினார். எல்லாம் ஓரங்களுக்கு நகர்ந்திருந்தன. நடு வெறுமையாக இருந்தது. "மருந்து" கண்டுபிடித்துத் தொட்டார். விரலை என் முகத்துக்கு நீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

குனிந்து "வேண்டாம்" தொட்டேன். பிலோமியின் குரல் எனக்காகச் சொன்னது.