ஒன்பது வருஷமாகப் பைக்குக் காவல்

மே 21, திங்கள்

மழை விட்டபாடில்லை. சபின்யோ மலை காலையிலிருந்து முகத்தையே காட்டவில்லை. இன்று எனக்கு வாய்த்தவர் ஒரு ஜெர்மன்காரர். ஆள் ஆறடிக்கு மேல், பை அவரைவிடக் கனம். அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்தால், தலைமுடி உலர்த்தும் மெஷின். அவர் தலையில் பேருக்கு ஒரு முடி கிடையாது. பெண்டாட்டியுடையதாம், மாறி வந்துவிட்டதாம். மூங்கில் காட்டுக்குள் அதை மூன்று மணி நேரம் முதுகில் சுமந்தவள் நான்.

சேற்றில் மூன்று இடத்தில் அவரைப் பின்னாலிருந்து தள்ளினேன், இரண்டு இடத்தில் முன்னாலிருந்து இழுத்தேன். பிறகு வழக்கம்போல கைடு அனஸ்தாஸ் கையைத் தூக்கினான். "பைகளையும் கம்புகளையும் இங்க வச்சிடுங்க. சுமை தூக்குறவங்க இங்கயே இருங்க." எட்டு வெள்ளைக்காரர்களும் கொரில்லா பார்க்க உள்ளே போனார்கள். சுமை தூக்கும் நாங்கள் ஆறு பேர் பைகளுக்குக் காவலாக உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம்.

திரும்பி வந்தபோது ஜெர்மன்காரருக்குக் கண் கலங்கியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கொடுத்து வைத்தவள். இதுவரை எத்தனை தடவை கொரில்லாவைப் பார்த்திருப்பாய்?" என்று கேட்டார்.

"கணக்கே இல்ல சார்" என்றேன்.

ஒன்பது வருஷம். ஒரு தடவைகூட இல்லை. மார்பில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டிருக்கிறேன். சாணம் மிதித்திருக்கிறேன். வாடை தெரியும். ஒரு முறை பத்தடி தூரத்தில் மூங்கில் ஆடியது, அது காற்று என்று கூடச் சுமை தூக்கும் கஸ்பார் அண்ணன் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் சுமை தூக்குகிற யாரும் இதை வெளியில் சொல்வதில்லை.

மே 24, வியாழன்

ஒரு பிரெஞ்சு அம்மாள் இன்று புதினா மிட்டாயை ஒன்றன்பின் ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டே வந்தார். எனக்கு அப்போதே சந்தேகம். காட்டுக்கு எல்லையான கல்சுவரைத் தாண்டியதும் கழுத்துத் துணிக்குள் முகத்தைப் புதைத்து இருமினார். அனஸ்தாஸிடம் போய்ச் சொன்னேன். அவன் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டான். அந்த அம்மாள் அங்கேயே ஓர் எரிமலைக் கல்லில் உட்கார்ந்து அழுதார். முப்பது வருஷக் கனவாம்.

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நமக்கு வந்தால் சளி, கொரில்லாவுக்கு வந்தால் எமன். சளி பிடித்தவர் கிட்டே போகக் கூடாது, மற்றவர்களும் ஏழு மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும். இது விளையாட்டு இல்லை.

"உன் காது போலீஸ் காது" என்றார் கஸ்பார் அண்ணன். நானும் இளித்துக்கொண்டேன்.

மே 26, சனி

மாதக் கடைசி சனி, ஊரே கூடிச் செய்யும் பொது வேலை. வாய்க்கால் தூர்வாரினோம். எவாரிஸ்த் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு ஊர்த் தலைவருக்கு யோசனை சொன்னார். மண் அள்ளியது நான். கட்டிக்கொண்டதற்கு அனுபவிக்க வேண்டியதுதான்.

சாயங்காலம் மகள் முத்தேசி நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். ஜூன் 14 அன்று பள்ளியில் ஒவ்வொருவரும் வீட்டில் ஒருவர் செய்யும் வேலையைப் பற்றிப் படம் வரைந்து பேச வேண்டுமாம். இவள் என்னைப் பற்றிப் பேசப் போகிறாளாம்.

"அம்மா, கொரில்லாவ மூக்க வச்சுதான் அடையாளம் கண்டுபிடிப்பாங்கன்னு டீச்சர் சொன்னாங்க. நம்ம இங்காபோ மூக்கு எப்படி இருக்கும்?"

இங்காபோ, எங்கள் பக்கத்துக் கொரில்லாக் கூட்டத்தின் தலைவன், முதுகு மயிர் வெள்ளியாக நரைத்த ஆண். அவன் மூக்கை நான் எங்கே கண்டேன்? எதிரே எவாரிஸ்த் உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: அகலமாக இருக்கும், மேலே ரெண்டு கோடு, ஓட்டை கொஞ்சம் கோணல். குழந்தை நாக்கை நீட்டிக்கொண்டு கவனமாக வரைந்தாள்.

ஒன்பது வயசுப் பிள்ளையிடம் இப்படி வாய் கூசாமல் பொய் சொல்கிறேனே. எப்போது ஆரம்பித்தேன்? அவளுக்கு மூன்று வயசு இருக்கும், தூங்க வைக்கச் சொன்ன கதை. வளர்ந்துகொண்டே போய்விட்டது. பதினான்காம் தேதி வகுப்பு முழுக்க முன்னால் நின்று இதை நிஜமென்று சொல்லப் போகிறாள். அதற்குள் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும்.

மே 30, புதன்

அவசரத்தில் எழுத்து கோணலாக வருகிறது.

சுமை தூக்குவோர் சங்கக் கூட்டம். இந்த சீசனில் ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவரைப் பார்வையாளராக உள்ளே கூட்டிப்போகலாம் என்று தேசியப் பூங்காவில் சொல்லிவிட்டார்களாம். சீட்டு எழுதி கஸ்பார் அண்ணன் தொப்பியில் போட்டோம். அவரே எடுத்தார். பிரித்துப் பார்த்துவிட்டுத் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டார். பதினாறு வருஷமாக மலை ஏறுகிறார், எங்கள் எல்லோருக்கும் மூத்தவர்.

"டொனாத்தா" என்றார். சீட்டை என் கையில் கொடுத்து, "வச்சுக்கோ தங்கச்சி, ஞாபகமா இருக்கட்டும்" என்றார். வீட்டுக்கு வரும்போது அவர் மட்டும் பின்தங்கி நடந்தார்.

நான் உள்ளே போகும் நாள் ஜூன் எட்டு, வெள்ளி.

ஜூன் 3, ஞாயிறு

கோயில் முடிந்து வரும்போது அனஸ்தாஸைப் பிடித்துக்கொண்டேன். கொரில்லாவின் கிட்டே போகும்போது தொண்டையைச் செருமுவார்களே, நாங்கள் நல்லவர்கள், பயப்படாதே என்று, அதைச் சொல்லிக்கொடு என்றேன். "அடித்தொண்டைலேர்ந்து வரணும் அக்கா. ம்ம்... ஹ்ம்ம். அவ்வளவுதான்."

வீட்டில் பழகிப் பார்த்தேன். ஆடு பதில் சொன்னது. எவாரிஸ்த் அடுப்படியிலிருந்து, "முத்தேசி அம்மா, தொண்டைல எலும்பு சிக்கிடுச்சா?" என்று கேட்டார். இன்றைக்கு இறைச்சியே சமைக்கவில்லை.

ஜூன் 7, வியாழன்

மூக்கு அரிக்கிறது. கிழங்கு மூட்டை உதறிய தூசி. தூசிதான்.

ஜூன் 8, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

விடியும் முன் ரெண்டு தும்மல். வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்குப் போனேன். எவாரிஸ்த் எழுந்திருக்கவில்லை. சூடாகச் சோளக்கஞ்சி குடித்தேன். சரியாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்று சுமைக்காரர்களின் நீல அங்கி இல்லை. நல்ல மேல்துணி, முத்தேசியின் சிவப்புத் தலைத்துண்டு. "இங்காபோவ நான் கேட்டேன்னு சொல்லு" என்று அனுப்பினாள். என் பையை கஸ்பார் அண்ணன் பிடுங்கிக்கொண்டார். "இன்னிக்கி நீ வெள்ளைக்காரி. சும்மா வா." சேற்றில் என்னைப் பின்னாலிருந்து தள்ளக்கூட வந்தார். "அண்ணே, எனக்கு இந்த மலை தெரியும்" என்றேன். "வெள்ளைக்காரிக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம நட" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. வழியில் செந்தட்டிப் புதருக்குப் பின்னால் ஒதுங்குவது போல ஒதுங்கி இன்னும் ரெண்டு தும்மல்.

கொரில்லாக் கூட்டம் பக்கத்தில்தான் என்று உள்ளேயிருந்து வாக்கி டாக்கியில் சொன்னார்கள். அனஸ்தாஸ் கையைத் தூக்கினான். "பைகளையும் கம்புகளையும் இங்க வச்சிடுங்க." அந்த வாக்கியத்தை ஒன்பது வருஷமாகக் கேட்கிறேன். இன்றுதான் அதற்குப் பிறகு நடக்கப் போகிறேன். மூங்கிலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு குட்டி முனகியது. அப்போது பார்த்து மூக்கு.

அடக்கினேன். அடங்கவில்லை. அச்சென்று ஒன்று.

அனஸ்தாஸ் திரும்பினான். "தூசியா இருக்கும் அக்கா. வாங்க."

நான் உள்ளே போக அவன் வழி விட்டுவிட்டான். அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மழை பெய்து ஊறிக் கிடக்கிற காட்டில் என்ன தூசி? உள்ளே போயிருக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டியிருக்கலாம். பாழாய்ப்போன அந்த பிரெஞ்சு அம்மாள் கல்லில் உட்கார்ந்து அழுதது கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அவளுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?

"தூசி இல்ல அனஸ்தாஸ். விடியறதுக்கு முன்னாலேர்ந்து இது அஞ்சாவது. எனக்குச் சளி. கஸ்பார் அண்ணன் போகட்டும்."

கஸ்பார் அண்ணன் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாக என் பையை இறக்கி என் கையில் கொடுத்தார். போனார்.

நான் அதைக் கட்டிக்கொண்டு நன்றாக அழுதேன். மற்ற சுமைக்காரர்கள் மரியாதையாக வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள்.

இறங்கும்போது அண்ணன் எல்லோருக்கும் முன்னால் நடந்தார். கல்சுவர் வந்ததும் நின்றார். "இங்காபோ கையப் பாத்தேன் டொனாத்தா. நகம் இருக்கு. நம்ம நகம் மாதிரியே." தன் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டார். அவர் மேல் எனக்கு ஒரு துளி பொறாமை வரவில்லை என்று எழுதினால் அதுவும் பொய். வந்தது. நிறைய வந்தது.

ஜூன் 9, சனி

முத்தேசியிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். நேற்றைக்கு மட்டும் இல்லை, ஒரு நாளுமே பார்த்ததில்லை என்று.

"அப்போ இத்தன நாளும் மேல போய் என்ன பாத்தே?"

"பைய."

"இங்காபோ மூக்கு?"

"அது உங்க அப்பா மூக்கு."

அவள் படத்தைப் பார்த்தாள், வாசலில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். தாளைக் கிழித்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

ஜூன் 11, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. சளி நெஞ்சுக்கு இறங்கிவிட்டது. எவாரிஸ்த் கிழங்கு விதை வாங்க முசான்சே டவுனுக்குப் போயிருந்தார், முத்தேசி பள்ளிக்கு. ஆவி பிடிக்கத் தைல இலை பறிக்கலாம் என்று வயலின் கடைசிக்கு, கல்சுவர் ஓரம் நிற்கும் மரங்களுக்குப் போனேன்.

கிளையை வளைத்து நாலு இலை பறித்திருப்பேன். மரத்துக்கு அந்தப் பக்கம் பட்டை உரியும் சத்தம். அடுத்த வீட்டு ஆடுதான், மேய்க்கத் துப்பில்லை என்று திட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தேன்.

ஆடு இல்லை.

சுவரைத் தாண்டி வந்திருக்கிறது. உட்கார்ந்து, தைல மரப் பட்டையை நீளமாக உரித்து, உள்பக்கத்தை நக்கிக்கொண்டிருக்கிறது. முதுகில் ஒரு குட்டி. எனக்கும் அதற்கும் நடுவில் மூன்று கிழங்குப் பாத்திதான்.

எவ்வளவு நேரம் நின்றேன்? தெரியாது. பிறகுதான் உறைத்தது — அடிப்பாவி, உனக்குச் சளி.

மேல்துணியை இழுத்து மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு பின்பக்கமாகவே நடக்க ஆரம்பித்தேன். ஒரு பாத்தி. ரெண்டு பாத்தி. ஏழு மீட்டர் போதாது, சளிக்காரிக்கு இன்னும் தள்ளி. ஒன்பது வருஷம் காத்திருந்து, வீடு தேடி வந்த விருந்தாளியை விட்டு இப்படி விலகிப் போகிறேனே என்று துணிக்குள் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஐந்தாவது பாத்தியில் தடுக்கிக் கிழங்குச் செடி மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அது தலையைத் தூக்கிப் பார்த்தது. என்னைத்தான். அடித்தொண்டையிலிருந்து செருமினேன். சளி கட்டிய தொண்டையில் இதைவிட நன்றாக வராது. அது கொஞ்சம் யோசித்தது. "ம்ம்... ஹ்ம்ம்" என்றது. மறுபடி பட்டை உரிக்கப் போய்விட்டது.

மூக்கைப் பார்த்தேன். இடது ஓட்டைக்கு மேலே மூன்று கீறல், சேற்றில் கோழி நடந்தது போல. வலது ஓரம் சின்னதாக ஒரு வெட்டு.

பிறகு சுவர் ஏறிப் போய்விட்டது. தைல இலை கையிலேயே கசங்கிக் கிடந்தது.

சாயங்காலம் முத்தேசியிடம் மூச்சு விடாமல் சொன்னேன். முழுவதும் கேட்டாள். "சரிம்மா" என்றாள். அவ்வளவுதான். எனக்கு வேண்டியதுதான். இருந்தாலும் அவள் தூங்கியபின், மறக்கும் முன் அந்த மூக்கை அவள் நோட்டின் பின்பக்கம் வரைந்து வைத்தேன்.

ஜூன் 13, புதன்

அனஸ்தாஸ் என்னைப் பார்க்க வந்தான், மோர் கொண்டுவந்தான். முத்தேசி தரையில் படுத்துப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவனிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவன் குனிந்து, திறந்து கிடந்த நோட்டின் பின்பக்கத்தைப் பார்த்தான்.

"உமுஹோசாவ யாரு வரைஞ்சது?"

முத்தேசி நிமிர்ந்தாள். "யாரு?"

"உமுஹோசா. போன வருஷம் குட்டி போட்டாளே. இந்தா, இடது பக்கம் மூணு கீறல், வலது ஓரம் வெட்டு. கைடு பரிட்சைல இந்த மூக்குக்குத்தான் நான் தப்பா எழுதினேன், மறப்பேனா? திங்கக்கிழமை இவங்க கூட்டம் சுவரத் தாண்டிட்டாங்க, தேடி அலைஞ்சோம். இது ஏது?"

முத்தேசி என்னையே பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இன்னொரு தடவ சொல்லு. மொதல்லேர்ந்து" என்றாள்.

சளி ஒட்டிக்கொள்ளும், தள்ளி உட்கார் என்றேன். கேட்கவில்லை.

ஜூன் 14, வியாழன்

பள்ளியில் பேசினாள். தலைப்பு: என் அம்மா பை தூக்குகிறார். நானும் எவாரிஸ்தும் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டோம். பின்பக்கமாக நடந்த இடத்தை நடித்தே காட்டினாள், விழுந்ததையும் சேர்த்து. அப்பா மூக்கு விஷயத்தையும் விடவில்லை. எவாரிஸ்த் வீடு வரும்வரை மூக்கைத் தடவிக்கொண்டே வந்தார்.

ஜூன் 20, புதன்

மறுபடி நீல அங்கி. இன்று ஒரு கனடாக்காரி, நல்ல மனுஷி, பை லேசு. உள்ளே போய்விட்டு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள், நீ எத்தனை தடவை பார்த்திருக்கிறாய் என்று.

கஸ்பார் அண்ணன் பக்கத்தில் பைகளை எண்ணிக்கொண்டிருந்தவர், எண்ணுவதை நிறுத்தினார்.

"ஒரு தடவ" என்றேன்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "நானும் ஒரு தடவ" என்றார்.