மூன்றாம் கட்டிலில் கேட்ட கேள்வி

சைகோன், ஐப்பசி 9, செவ்வாய்

சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவிக் கை எரிகிறது. அருவருப்பு மட்டும் போகவில்லை.

புதுச்சேரியிலிருந்து வந்து ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உதவியாள் அந்துவானுக்கு இன்று புண் கழுவப் பழக்கினேன். மூன்றாம் கட்டில் நோயாளி ரப்பர் தோட்டத்துக் கூலி. முகமெல்லாம் வீங்கி, பேச்சில்லாமல் கிடந்தார். இந்த நாட்டு அன்னாமியர் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். காலில் புழு நெளிந்தது.

அந்துவான் மூக்கைப் பொத்திக்கொண்டான். "இந்த நாத்தத்துக்கா அக்கா கப்பலேறி வந்தேன்? இதெல்லாம் ஒரு மனுசனா?"

"தண்ணியாவது ஊத்துங்க" என்றேன்.

அப்போது கட்டிலிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "குவளைய எங்கிட்ட குடுங்கய்யா. நானே கழுவிக்கிறேன்."

நல்ல தமிழ். எங்கள் காரைக்கால் பக்கத்துப் பேச்சு. எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. அந்துவானும் கூசுவான் என்று பார்த்தேன். அவன் கொஞ்சம் குனிந்து, "நீ என்ன சாதி?" என்று கேட்டான்.

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்துவானை வெளியே போகச் சொல்லிவிட்டு நானே கழுவிக் கட்டினேன். புழு எடுக்கும்போது குமட்டவில்லை. தாழ்வாரத்தில் அவன் யாரிடமோ சிரித்துப் பேசும் சத்தம் கேட்டபோதுதான் குமட்டியது.

வேறு ஆள் கிடையாது, அவனையே பழக்கு என்கிறார் ஆஸ்பத்திரியை நடத்தும் கன்னியாஸ்திரீ அம்மா. நாளைக் காலை அவனைக் கூட்டிக்கொண்டு அந்த மனிதர் முன்னால் எப்படிப் போய் நிற்பேன்?