பதினேழு வருடக் குருவிக் கொப்பி

அனுப்புநர்:
கனகேஸ்வரி சிவபாதசுந்தரம்,
ஓய்வுபெற்ற புள்ளிவிபர எழுதுவினைஞர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.

பெறுநர்:
பொறுப்பதிகாரி,
கால்வாய்க்கரைச் சதுப்புநிலச் சரணாலயம்,
தெஹிவளை.

விடயம்: தங்கள் சொற்படி எடுத்துவந்து பறிகொடுத்த பறவைப் பதிவுக் கொப்பி

மதிப்புக்குரிய ஐயா,

1. 1990 முதல் ஞாயிறு தவறாமல் தங்கள் சரணாலய அணைக்கட்டில் நின்று, பறவைகளை எண்ணி, நீர்மட்டத்தை அளந்து, தடித்த கொப்பி ஒன்றில் எழுதிவந்தேன். யாரும் கேட்டு அல்ல, என் விருப்பத்தால்.

2. ஒக்டோபர் தொடக்கத்தில் வந்த உள்ளான்கள் இப்போது நவம்பர் கடைசியில் வருகின்றன. வருவதும் பாதிதான். மாசியில் சேறு வெடிக்கிறது. பிறகு ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டி, தாமரைக்கோழிகளின் கூடுகளை முட்டையோடு அள்ளிக்கொண்டு போகிறது. கடல்நீர் கால்வாயில் ஏறி அல்லியை அழுகவைக்கிறது. காலநிலை மாறிவிட்டதென்று சென்ற வருடம் தங்களுக்கு எழுதினேன். "குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை" என்று பதில் வந்தது. மறுப்பதானால் மூலக் கொப்பியை நேரில் கொண்டுவரும்படியும் அதில் இருந்தது.

3. 15.10.2007 அன்று கொண்டுவந்தேன். யுத்த காலமல்லவா, வழியில் இராணுவச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் சரியாக இருந்தன. கொப்பிதான் சரியில்லையாம். திகதிகள், எண்ணிக்கைகள், கால்வாயின் படம், அத்தனையும் தமிழில். "யாருக்கு இந்தக் கணக்கு?" என்று கேட்டார்கள். "ஒருத்தருக்கும் இல்லை, நான் குருவியளை எண்ணுறனான்" என்றேன். நாலு மணித்தியாலம் இருத்திவைத்துவிட்டு என்னை விட்டார்கள். கொப்பியை விடவில்லை.

4. இது குருவிக் கணக்குத்தான் என்று தங்கள் அலுவலகம் கடிதம் தந்தால் சாவடியில் கொப்பியைத் தருவார்களாம். தங்கள் எழுதுவினைஞரோ, கொப்பியைப் பாராமல் கடிதம் தர முடியாதென்கிறார். மூன்று முறை படியேறிவிட்டேன். ஒன்றுமே இல்லையென்று தாங்கள் தள்ளிய கணக்கை, ஏதோ இருக்கிறதென்று அவர்கள் பூட்டிவைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் அதை ஒருவரும் வாசிக்கவில்லை.

5. வருட முடிவில் தங்கள் அறிக்கை மேலிடத்துக்குப் போகிறது. அதிலும் "மாற்றம் இல்லை" என்றால், உப்புநீரைத் தடுக்கும் கதவு கால்வாய்க்குக் கிடைக்காது. சதுப்பு செத்துப்போகும்.

ஆகவே அந்தக் கடிதத்தை உடனே தந்துதவுங்கள். அதற்கு மனம் வராவிட்டால், வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தாங்களே அணைக்கட்டில் நின்று எண்ணிப் பாருங்கள். தாங்கள் நின்றால் யாருக்கு இந்தக் கணக்கென்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். நேரமும் அதிகம் பிடிக்காது. எண்ணுவதற்கு அங்கே அவ்வளவு மிச்சமில்லை.

பதிலுக்குக் காத்திருக்கும்,
க. சிவபாதசுந்தரம் (ஒப்பம்)

வெள்ளவத்தை
05.11.2007