போர்டு இல்லாத கடைக்கு ஓர் ஆர்டர்

அக். 23, வியாழன்
காலையிலிருந்து தூறல். ஒரே ஒரு பைக் சீட் கவர் வேலை. அதையும் கோணலாகத் தைத்தேன்.

தீபாவளிக்கும் மகள் வரவில்லை. இந்தா இருக்கிற ராஜபாளையத்திலிருந்து! மில்லில் கணக்கு வேலையை விட்டுவிட்டு, தோழியோடு 'கிளவுட் கிச்சன்' நடத்துகிறாள். போர்டு கிடையாது, மேசை கிடையாது. போனில் ஆர்டர், வீடு தேடிச் சாப்பாடு. ஆனி மாதம் ஆரம்பித்தபோது, "ஒழுங்காச் சோறு பொங்கத் தெரியுமாட்டி ஒனக்கு? கடையாம் கடை!" என்றேன். அன்று நின்ற பேச்சு. அம்மாவோடு மட்டும் தினமும் போன். நான் உள்ளே நுழைந்தால், "சரிட்டி, பொறவு பேசுதேன்" என்று மனைவி வைத்துவிடுகிறாள். என் வீட்டில் நானே ஒட்டுக்கேட்க வேண்டியிருக்கிறது.

அக். 24, வெள்ளி
பக்கத்து ஜெராக்ஸ் கடை முருகேசன் அவள் கடையைப் போனில் காட்டினான். ரைஸ் பவுல், அதாவது கிண்ணச் சோறு; பிறகு பாவோ பன். வெள்ளை வெளேரென்று ஆவியில் வெந்த ரொட்டி, வாயைப் பிளந்தபடி, உள்ளே காளான். தூங்கும்போது நானும் இப்படித்தான் இருப்பேனாம், மனைவி சொல்வாள்.

ஆர்டர் போட்டால், எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டெலிவரி இல்லையாம். பெற்றவன் ஊருக்கு வராத சோறு!

"ராஜபாளையத்துல போயி நின்னு போடுங்க அண்ணாச்சி. வரும்."

"எனக்கென்னலே அம்புட்டுப் பசியா?" என்று எரிந்து விழுந்தேன். ஆர்டர் போடும் 'ஆப்'பை மட்டும் என் போனில் ஏற்றிக்கொண்டேன்.

அக். 27, திங்கள்
ரெக்சின் வாங்கப் போவதாக வீட்டில் சொன்னேன். "போன வாரந்தான வாங்குனிய?" என்றாள் மனைவி. பஸ் ஏறினேன்.

ரா.பாளையம் பழைய பஸ் ஸ்டாண்ட். மழை. பழக்கடைத் தகரத்தடியில் நின்று ஆர்டர். மூன்று பன், ஒரு பவுல். டெலிவரிக்காரர் நனைந்து வந்தார். பவுல் இருக்கிறது, பன்னைக் காணோம். அங்கேயே கிச்சனுக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில்.

"ஏட்டி, பன் எங்கட்டி? ஒழுங்காக் கட்டிக் குடுக்கத் துப்பில்ல, ஒனக்கெதுக்குக் கடை?"

"சாரிண்ணே, இங்கதாண்ணே இருக்கு..." என் மகள் குரல்.

சட்டையைப் பிடித்துவிட்டேன். "யாரைலே ஏட்டிங்கிற? பி.காம். படிச்ச பிள்ளைலே அவ! மரியாதையாப் பேசுலே!"

பஸ் ஸ்டாண்டே பார்க்கிறது. போன் இன்னும் ஸ்பீக்கரில்தான். மகள் குரல்:

"அப்பா, அவர விடுங்க."

விட்டேன்.

"நீங்க சொன்னதத்தான அவரும் சொல்லுதாரு." கட்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஒங்க மகளா சார்? மொதல்லயே சொல்லக்கூடாதா? நானும் அப்படிப் பேசிருக்கக்கூடாது. பன் எடுக்கப் போறேன், வண்டியில ஏறுங்க" என்றார்.

ஒரு சந்து. மாடிப்படி. வாசலில் மகள், கையெல்லாம் மாவு. இளைத்திருந்தாள். முன்னால் நிற்கும் என்னைத் தாண்டி அவரிடம் பையை நீட்டினாள்.

"கஸ்டமர்ட்ட குடுத்துருங்கண்ணே."

கஸ்டமர்! ஒரு முழம் தள்ளி நிற்கிறேன். அவர் வாங்கி என்னிடம் கொடுத்தார். படியிலேயே உட்கார்ந்து, கோபத்தில் மூன்றையும் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது, அது வேறு எரிச்சல். அவள் கதவைச் சாத்தவில்லை.

அக். 28, செவ்வாய்
மழை விட்டபாடில்லை. நேற்று நடந்ததைச் சொன்னதும் மனைவி கேட்டாள்:

"உள்ள வாங்கன்னு சொன்னாளா?"

"இல்ல."

"போங்கன்னு சொன்னாளா?"

"இல்ல."

"பொறவென்ன? இன்னைக்கும் போங்க."

மதியமே கடையைப் பூட்டினேன்.