தண்ணீர் ஒட்டாத மாவு

இன்றைக்கு மாத்திரைக் கம்பெனியில் வேலை முடிந்து கை கழுவும்போது, மணிக்கட்டில் படிந்திருந்த ஸ்டியரேட் மாவின் மேல் தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடியது. சோப்பைத் தேடினேன், உன் நினைவு வந்துவிட்டது. "இதுவே ஒரு சோப்புதான்மே, இத்தக் கழுவ இன்னொரு சோப்பு கேக்குது பாரு" என்று தினமும் சலித்துக்கொள்வாயே.

எனக்கு எல்லாமே அலுத்துவிட்டது. மணலி பஸ்ஸில் நின்றுகொண்டேதான் போகிறேன். ராயபுரத்தில் ஏறி, தண்டையார்பேட்டையில் நான் ஏறும்வரை பக்கத்து சீட்டில் எனக்காகப் பையை வைத்துச் சண்டை போட நீ இல்லை.

மாத்திரை அச்சில் ஒட்டாமல் வழுக்கி வர, மருந்துத் தூளோடு கடைசியில் சேர்க்கிற மாவுதான் இந்த ஸ்டியரேட். கொஞ்ச நேரம்தான் கலக்க வேண்டும். அதிகம் சுற்றினால் தூள் முழுக்க அப்பிக்கொள்ளும். மாத்திரை வயிற்றில் சரியாகக் கரையாது. ஒரு நாள் அச்சு மெஷின் நின்றுபோக, ஃபிட்டர் வரும்வரை மிக்சரை ஓடவிட்டுவிட்டு எல்லோரும் டீக்குப் போனார்கள். மாத்திரைகள் பளபளவென்றுதான் வந்தன. சோதனைத் தண்ணீரில் போட்டால் கரையாமல் அப்படியே கிடந்தன. "இன்னொரு தபா டெஸ்ட் போட்டுப் பாக்கலாம்" என்று அப்போதைய சூப்பர்வைசர் இழுத்தார். நீ டிரம்முகளை மறித்து நின்றாய்.

"எங்கம்மா கவர்மென்ட் ஆஸ்பத்திரில வாங்கி முழுங்குற பிரஷர் மாத்திர சார் இது. முழுங்கிட்டு, நல்லாயிடும்னு நம்பிக்கினு குந்திகீது."

அத்தனையும் குப்பைக்குப் போனது. அன்றிலிருந்து ஸ்டியரேட் போட்டுவிட்டால், மிக்சரை நிறுத்தும்வரை நீ டீக்குக்கூட நகர்ந்ததில்லை. பூசையில் நிற்பதுபோல் அந்தச் சிவப்புப் பொத்தான் பக்கத்திலேயே நிற்பாய். நான் எவ்வளவு கிண்டல் செய்திருப்பேன்!

மழைக்காலத்தில் வந்த ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவைப் பார்த்தேன். மடியில் அதே மாத்திரை அட்டை. "நீயாவது வேளைக்குத் துண்ணுமே" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்று மறுபடியும் அச்சு மெஷின் மக்கர் பண்ணியது. ஸ்டியரேட் போட்டாகிவிட்டது. புதிதாக வந்திருக்கிற சூப்பர்வைசர், "மிக்சர் ஓடட்டும்மா, நிறுத்தினா தூள் அடியில தங்கிடும்" என்றார். விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

"யாரு நிறுத்தச் சொன்னது?"

உன் பெயரைச் சொன்னேன்.

"அவங்கள வரச் சொல்லுங்க" என்றார்.

நான் பொத்தானை விட்டு நகரவில்லை.