பின்பக்கம் எழுதாத சீட்டு

நாள் 412, காலை 9.10

செவ்வாய்க் கோள் சுரங்க மருத்துவமனை, இரத்தச் சோதனைக் கூடம். எழுதுவது தில்லைநாயகி, இங்கே நான் ஒருத்திதான். இன்று பதினொரு மாதிரிகள், எல்லாம் நுரையீரல் புற்றுக்கு அறுவை முடிந்தவர்களுடையவை. கட்டியை எடுத்த பிறகும் இரத்தத்தில் புற்றணுத் துணுக்குகள் மிதந்தால் நோய் திரும்பும். உடனே மருந்து ஏற்றினால் பெரும்பாலோர் தப்புவார்கள். இயந்திரம் எண்ணும், நான் சீட்டு அச்சிடுவேன்.

நாள் 412, மாலை 6.40

துணுக்குகளின் எண்ணிக்கை ஐந்துக்குக் கீழே இருந்தால் 'இல்லை' என்றே அச்சிட வேண்டும். தலைமை மருத்துவர் மகுடபதி போட்ட விதி. மருந்து ஏற்றினால் ஆள் மூன்று மாதம் சுரங்கத்தில் இறங்க மாட்டானாம், அதுதான் அவர் கவலை.

என் தம்பி கதிரேசனுக்கு மூன்று இருந்தது. 'இல்லை' என்று அச்சிட்டுக் கொடுத்தவள் நானேதான். ஏழு மாதத்தில் போய்விட்டான். அதன்பிறகு ஒவ்வொரு சீட்டின் பின்பக்கமும் உண்மை எண்ணைப் பென்சிலால் எழுதுகிறேன். தொழிலாளிகள் வாங்கியதும் திருப்பிப் பார்ப்பார்கள். நர்ஸ் எஸ்தர் மறைவாக மருந்து ஏற்றிவிடுவாள். மேலே இருப்பவர்களுக்கு இது தெரியாது.

நாள் 530, காலை 11.05

மகுடபதியின் மாதிரி வந்திருக்கிறது. அவருக்கும் அதே புற்று. போன மாதம் இயந்திரக் கை அறுத்தெடுத்தது.

அழைப்பு: "தில்லை, என் ரத்தம் பாத்துட்டியாம்மா? ரெண்டு நாளா சோறே இறங்கல."

மூன்று. அடப்பாவி, அதே மூன்று! வாய்விட்டுச் சிரித்தேன்.

நாள் 530, 11.20

அழைப்பு: "எண் எவ்வளவுன்னு சொல்லேன்."

"எண்ணைச் சொல்லக்கூடாதுன்னு விதி இருக்குங்க சார். சீட்டு வரும்."

"நான் போட்ட விதியை எனக்கே சொல்றியா! சரியான ஆளும்மா நீ."

'இல்லை' என்று அச்சிட்டேன். சீட்டைத் திருப்பினேன். பென்சில் கையில்தான் இருந்தது. எழுதவில்லை.

நாள் 718, காலை 8.30

மகுடபதி: இருநூற்றுப் பன்னிரண்டு. இனி எந்த மருந்தும் கேட்காது. மனசு ஆறிவிட்டது என்று எழுத ஆசை. ஆறவில்லை. வருத்தமும் இல்லை, அதையும் எழுதிவைக்கிறேன்.

நாள் 718, 8.52

அழைப்பு: "தில்லை... சுரங்கத்துல எல்லாரும் சீட்டைத் திருப்பிப் பாப்பாங்களாமே. எஸ்தர் இப்பதான் சொன்னா. என் பழைய சீட்டைத் தேடி எடுத்தேன். பின்னாடி வெறுமையா இருக்கு. அன்னிக்கு எனக்கு நிஜமாவே ஒண்ணும் இல்லையா? இல்ல... நீ எழுதலையாம்மா?"

8.58

இணைப்பை வெட்டிவிட்டேன். மறுபடி கூப்பிடுகிறார். கதிரேசனும் கடைசியில் இப்படித்தான் பேசினான், ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு.

9.04

மூன்றாம் முறை. கூப்பிடட்டும்.

9.15

அழைப்பு நின்றுவிட்டது. நாளைக்குப் பன்னிரண்டு மாதிரிகள். பென்சிலைச் சீவி வைத்துவிட்டேன்.