உப்புத் தண்ணீர் ஊசி

மார்ச் 4, செவ்வாய்

நாளைக்கு வலி மேலாண்மை வகுப்பு. போகாவிட்டால் நர்ஸ் பதிவைப் புதுப்பிக்க மாட்டார்கள். இத்தனை வருஷம் வார்டில் குப்பை கொட்டியவளுக்கு வலி என்றால் என்னவென்று படம் போட்டுக் காட்டப் போகிறார்களாம். மதியச் சாப்பாடு உண்டு என்று கேட்ட பிறகுதான் கோபம் கொஞ்சம் தணிந்தது.

பெயின்டர் இன்றும் ஆரம்பித்துவிட்டார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டவர். தகடு வைத்தாயிற்று, எலும்பும் கூடிவிட்டது என்கிறார் டாக்டர். இவரோ பக்கத்துப் படுக்கைக்காரரிடம் ஜோக் அடித்துச் சிரித்துவிட்டு, என்னைக் கண்டதும் வலி ஊசி கேட்கிறார். போன வாரம் டாக்டர் சொன்னபடி, வலி ஊசி என்று சொல்லி வெறும் உப்புத் தண்ணீரைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் குறட்டை! குட்டு உடைந்தது. வலி ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றிவிட்டார்கள். அவர் மனைவியிடமும் சொல்லி வைத்தேன், ரொம்ப இடம் கொடுக்காதீங்கம்மா என்று.

மார்ச் 5, புதன்

பாடம் எடுத்தவளுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கடைசி வரிசையில் மிட்டாய் மென்றுகொண்டு தூக்கத்தை விரட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்டாள். "நோயாளிக்குத் தெரியாம வெறும் உப்புத் தண்ணிய ஊசியாப் போட்டவங்க கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. என் கை மடியிலேயே கிடந்தது.

நிஜமான வலியும் வெறும் தண்ணீருக்கு அடங்குமாம். மருந்து உள்ளே போய்விட்டது என்று நம்பினாலே உடம்பு கொஞ்ச நேரம் தணித்துக்கொள்ளுமாம். அதனால் அது நடிப்புக்குச் சாட்சி இல்லை. வலியோடு சிரிக்கிறவர்களும் உண்டாம். அந்த மதியச் சாப்பாட்டைத் தொடாமலே எழுந்து வந்தேன்.

மார்ச் 6, வியாழன்

பெயின்டர் இன்றைக்கும் சிரித்தார். சிரிக்கும்போது ஒரு கை கட்டில் கம்பியை விடவே இல்லை. இத்தனை நாளும் என் கண் பிடரியிலா இருந்தது?

மார்ச் 7, வெள்ளி

டாக்டரிடம் போனேன். ஒரு நாள் வகுப்புக்குப் போய் வந்து எனக்கே பாடமா என்றார். வேறு நாளாக இருந்தால் சிரித்து மழுப்பியிருப்பேன். இன்று, "நானும் நீங்களும் சேர்ந்து செஞ்ச தப்பு சார். மறுபடி ஸ்கேன் எடுங்க. வேணாம்னா, வேணாம்னு எழுதிக் கொடுத்துடுங்க" என்றேன். எழுதிக் கொடு என்றால் யாரும் பின்வாங்குவார்கள். ஸ்கேனுக்கு எழுதினார்.

மார்ச் 10, திங்கள்

தகட்டின் திருகாணி ஒன்று நகர்ந்து நரம்பில் உரசிக்கொண்டிருக்கிறது. மறுபடி ஆபரேஷன்.

பெயின்டர் முகத்தைப் பார்க்காமல் நழுவப் பார்த்தேன். கூப்பிட்டுவிட்டார். "சிஸ்டர், அன்னைக்குப் போட்டீங்களே, அதே ஊசிய ஆபரேஷனுக்கு அப்புறமும் போடச் சொல்லுங்க. அது ஒண்ணுக்குத்தான் வலி கேட்டுச்சு."

தலையாட்டிவிட்டு வந்தேன். தலையாட்டினேன் — பாவி!

மார்ச் 11, செவ்வாய்

அதான் கண்டுபிடித்தாயிற்றே, சொல்லி என்ன ஆகப்போகிறது என்கிறார் என் வீட்டுக்காரர். நியாயமாகத்தான் படுகிறது. யாருக்கு நியாயம்? எனக்குத்தானே.

மார்ச் 12, புதன்

பெயின்டரிடம் சொல்லிவிட்டேன். திரையை இழுத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, வாய் குழறக் குழற.

அவர் கூரையைப் பார்த்தபடி சொன்னார். "அப்ப நான் பொய் சொல்றேன்னு நெனச்சீங்க."

"ஆமா."

"என் வீட்டுக்காரிகிட்டயும் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அதான் அவ இப்பல்லாம் வர்றதில்ல. நீங்களே அவகிட்டப் பேசிடுங்க சிஸ்டர். நான் சொன்னா நம்ப மாட்டா."

திட்டியிருந்தால் தேவலை. மருந்து அறையில் போய் நின்று அழுதேன். பிறகு அவர் மனைவிக்குப் போன் செய்தேன். அந்தம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

மார்ச் 14, வெள்ளி

ஆபரேஷன் முடிந்தது. கூடவே மனைவி.

மார்ச் 15, சனி

காலையில் அவர் முகமெல்லாம் வியர்வை, துண்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். ஊசி கேட்கவில்லை. நானே எடுத்துப் போனேன். கையை நீட்டவில்லை, மனைவியைப் பார்த்தார். உடைக்காத குப்பியை அந்தம்மாவிடம் கொடுத்தேன். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், தலையசைத்தார். இருவர் கண்ணெதிரே உடைத்து மருந்தை ஏற்றினேன். அதற்குப் பிறகுதான் அவர் கையை நீட்டினார்.

பக்கத்துப் படுக்கைக்காரரும் தன் முறை வந்தபோது, எனக்கும் காட்டிட்டுப் போடுங்க சிஸ்டர் என்றார். காட்டினேன்.